அப்டேட்டுக்குப் பின் திறக்காத கடவுச்சொல் செயலி: எதையும் அழிப்பதற்கு முன்

கேள்வி: திருப்பூரில் இருபது பவர் டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் முறையில் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். வங்கி, ஜிஎஸ்டி, இ-வே பில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., மின் கட்டணம் என ஏறத்தாழ அறுபது கடவுச்சொற்களை ஐந்தாண்டுகளாக ஒரே செயலியில் சேமித்து வந்தேன். சென்ற வாரம் என் ஆண்ட்ராய்டு கைபேசி இரவில் அப்டேட் ஆனது. மறுநாள் காலையிலிருந்து அந்தச் செயலி திறந்த உடனே மூடிக்கொள்கிறது. அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடியும் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் அண்ணன் மகன். கைபேசிக் கடையில் டேட்டா ரெக்கவரிக்கு இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். நான் என்ன செய்வது?

பதில்: அண்ணன் மகன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் மற்ற செயலிகளுக்குப் பொருந்தும் அந்த வழி, கடவுச்சொல் செயலிக்குப் பொருந்தாது. இப்போது பழுதாகியிருப்பது செயலிதான். அதற்குள் இருக்கும் அறுபது கடவுச்சொற்களும் பெரும்பாலும் அப்படியே கைபேசியில் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் செய்தால் அவையும் சேர்ந்து போய்விடக்கூடும். ஆகவே அந்தச் செயலியை நீக்குவது, செட்டிங்ஸில் ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்பதை அழுத்துவது, கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்வது ஆகிய மூன்றையும் எவர் சொன்னாலும் செய்ய வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் பிற செயலிகள் நுழைய முடியாத தனி இடம் ஒன்றை ஒதுக்குகிறது. செயலியை நீக்கும்போது அந்த இடமும், அதிலுள்ள கோப்புகளும், கைபேசியின் ‘கீஸ்டோர்’ என்னும் பாதுகாப்புப் பகுதியில் அந்தச் செயலி வைத்திருந்த சாவிகளும் ஒருங்கே அழிக்கப்படுகின்றன. கூகுள் பேக்கப்பில் இருக்குமே என்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தானியங்கி பேக்கப் ஒரு செயலிக்கு 25 எம்பி வரை தரவை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதில் சேர வேண்டாம் என்று செயலியை உருவாக்கியவரே தடுத்துவிடலாம், கடவுச்சொல் செயலிகளில் பாதுகாப்பு கருதி அவ்வாறு தடுப்பது வழக்கம். கோப்பு திரும்பி வந்தாலும், கீஸ்டோரில் இருந்த சாவி அந்தக் கைபேசியை விட்டு வெளியே செல்லாதபடி அமைக்கப்பட்டதால், அது திரும்பி வராது.

பழைய செயலிகளுக்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. 2023-இல் வெளியான ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6.0-க்கும் முந்தைய பதிப்புகளுக்காக எழுதப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ அனுமதிப்பதில்லை. ஆண்ட்ராய்டு 15 அந்த வரம்பை 7.0-க்கு உயர்த்தியது. ஏற்கெனவே கைபேசியில் இருக்கும் செயலி அப்டேட்டுக்குப் பின்னும் நீடிக்கும், ஆனால் ஒருமுறை நீக்கிவிட்டால் மறுபடி உள்ளே வர இயலாது. ஈரோட்டில் மஞ்சள் வணிகம் செய்யும் ஒருவர் இதே நிலையில் செயலியை நீக்கிவிட்டு, பிறகு என்னிடம் கைபேசியைக் கொண்டுவந்தார். என்னால் அவருக்கு எதையும் மீட்டுத் தர முடியவில்லை. ஒவ்வொரு தளமாக மறுபடி தொடங்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் கைபேசியில் செயலி இன்னும் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல்.

அடுத்து 20-ஆம் தேதி. 3பி தாக்கலை இந்தச் செயலியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி ஏதும் இல்லாத கணக்கென்றால் 20 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்த வேண்டிய வரிக்கு வட்டியும் சேரும் என்பதால், செயலி திறக்கும் வரை காத்திருக்காமல் ஜிஎஸ்டி தளத்தில் ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்’ வழியாகப் புதிய கடவுச்சொல்லை இன்றே அமைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பயனர்பெயரும், பதிவு செய்த எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் வரும் ஓடிபியும் தேவை. இங்கேதான் நம் பகுதியில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பதிவு செய்த நாளில் ஆடிட்டர் அலுவலகத்தின் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றாமலே விட்டிருப்பார்கள். உங்கள் ஓடிபி உங்களுக்கு வரவில்லை என்றால் முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் உங்கள் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த அலுவலகத்தோடு தொடர்பே இல்லையென்றால், உங்கள் வட்டத்துக்குரிய வரி அலுவலரிடம் உரிய ஆவணங்களோடு விண்ணப்பித்து எண்ணை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. இ-வே பில் தளத்துக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தனி என்பதால் அதையும் தனியே பார்க்க வேண்டும்.

அலுவலகத்துக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, அதன் பாஸ்வேர்ட் மேனேஜர் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று அது எப்போதோ கேட்டு, நீங்களோ கணக்கு எழுதுபவரோ ‘சேவ்’ என்று அழுத்தியிருப்பீர்கள். அறுபதில் கணிசமான பகுதி அங்கேயே கிடைத்ததைப் பல நிறுவனங்களில் கண்டிருக்கிறேன். கணினியில் ஏற்கெனவே உள்நுழைந்த நிலையில் இருக்கும் எந்தத் தளத்திலிருந்தும் இப்போது வெளியேறிவிட வேண்டாம்.

இனி செயலிக்கு வருவோம். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை; எனவே அது எவ்வகை என்பதை நீங்களே கண்டறிய வேண்டும். பிட்வார்டன் போன்றவை, கடவுச்சொற்களைப் பூட்டிய நிலையில் தங்கள் சர்வரிலும் வைத்திருக்கும். தொடக்கத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்கியது நினைவிருந்தால் உங்களுடையது அவ்வகைதான். கணினியில் அந்த நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று அதே மின்னஞ்சலையும், செயலியைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அனைத்தும் கண்முன் வந்துவிடும், கைபேசியைத் தொடவே வேண்டியதில்லை.

கீபாஸ் வகைச் செயலிகள் எல்லாவற்றையும் கேடிபிஎக்ஸ் என்று முடியும் ஒரே கோப்பில் பூட்டி வைக்கின்றன. அந்தக் கோப்பு டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் அல்லது கூகுள் டிரைவில் இருக்கக்கூடும். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், செயலிகள் பொதுச் சேமிப்பிடத்தில் தம் விருப்பம்போல் கோப்புகளைத் திறப்பது கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், பழைய பதிப்பிலிருந்து தாவிய கைபேசிகளில் ‘கோப்பைக் காணவில்லை’ என்று செயலி சொல்வதும் மூடிக்கொள்வதும் நேர்கின்றன. கோப்பு எங்கும் போயிருக்காது. கைபேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, இரண்டு இடங்களில் நகல் வைத்துக்கொண்டு, கீபாஸ்எக்ஸ்சி என்னும் இலவச மென்பொருளில் முதன்மைக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் திறந்துவிடும்.

மூன்றாவது வகை, இணையத்தோடு தொடர்பே இல்லாமல் எல்லாவற்றையும் தன் தனியிடத்திலேயே வைத்திருக்கும் செயலி. நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இதுவாக இருக்கலாம் என்றே அஞ்சுகிறேன். இதற்கு இருப்பது ஒரே வழி: அந்தச் செயலியை எப்படியாவது ஒரு முறை திறக்க வைப்பது.

அதற்கான முயற்சிகளைத் தீங்கு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். கைபேசியை முழுமையாக நிறுத்தி மறுபடி இயக்குங்கள். சேமிப்பிடம் நிரம்பியிருந்தால், பழைய வீடியோக்களை நீக்கி ஓரிரு ஜிபியாவது காலியாக்குங்கள்; பெரிய அப்டேட்டுக்குப் பின் இடமின்மையாலேயே சில செயலிகள் மூடிக்கொள்ளும். பின்னர் பிளே ஸ்டோரில் அந்தச் செயலிக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ‘அப்டேட்’ என்பதை மட்டும் அழுத்துங்கள். ஏற்கெனவே உள்ளதன் மேலேயே அமரும் அப்டேட் உங்கள் தரவைத் தொடாது. அதே இடத்தில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ, குரோம் இரண்டையும் புதுப்பியுங்கள். வெப்வியூ என்பது பல செயலிகள் பக்கங்களைக் காட்டுவதற்குப் பின்னணியில் பயன்படுத்தும் பகுதி. 2021 மார்ச்சில் அதன் பழுதான ஒரு பதிப்பு வெளியாகி, உலகெங்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. வெப்வியூவும் குரோமும் திருத்தப்பட்டபின் அவை தாமாகவே சரியாயின. குறை செயலியில் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் இந்தப் படியை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

இவற்றுக்குப் பின்னும் திறக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் செயலியின் ஸ்டோரேஜ் பக்கத்துக்குச் சென்று ‘கிளியர் கேச்’ என்பதை அழுத்தலாம். தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும் இந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, எல்லாவற்றையும் அழிக்கும் ‘கிளியர் டேட்டா’ இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நேரத்தில் செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்திலுள்ள மின்னஞ்சலுக்குக் கைபேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு மூன்றையும் குறித்து எழுதுங்கள். ஒரு அப்டேட்டால் பலருக்கும் ஒரே பழுது வந்திருந்தால், உருவாக்கியவர் சில நாட்களிலோ வாரங்களிலோ திருத்தம் வெளியிட வாய்ப்புண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய பதிப்பின் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, இறக்கிப் போடும் யோசனையை யாரேனும் சொல்வார்கள். புதிய பதிப்பின் மேல் பழையதை ஆண்ட்ராய்டு சாதாரணமாக ஏற்பதில்லை. அதற்காக இருப்பதை நீக்கினால் தரவு போய்விடும். அதோடு, கடவுச்சொற்களையெல்லாம் நம்பி ஒப்படைக்கப்போகும் ஒரு செயலியை முகம் தெரியாத தளத்திலிருந்து எடுப்பது வங்கிக் கணக்கையே பணயம் வைப்பதாகும்.

நீங்கள் அந்தச் செயலியை இதுவரை விரல்ரேகையால் மட்டுமே திறந்து வந்தீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். விரல்ரேகை ஒரு குறுக்குவழி. அது கீஸ்டோரிலுள்ள சாவியை எடுத்துக் கொடுக்கிறது. புதிய விரல் சேர்த்தாலோ, திரைப்பூட்டை நீக்கினாலோ அந்தச் சாவி செல்லாமல் போகும்படி பல செயலிகள் அமைத்திருக்கின்றன, சில வேளைகளில் அப்டேட்டுக்குப் பின்னும் அப்படி ஆகிறது. அப்போது செயலி முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே செல்ல செயலியை உருவாக்கியவராலும் இயலாது, ஏனெனில் பூட்டின் சாவியே அந்தச் சொல்லிலிருந்துதான் உருவாகிறது. நினைவிலுள்ள சொல் தவறென்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். அப்டேட் கீபோர்டையும் மாற்றியிருக்கலாம். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதும், சொல்லின் முடிவில் ஓர் இடைவெளியைச் சேர்ப்பதும் புதிய கீபோர்டுகளின் வழக்கம். கண் வடிவப் பொத்தானை அழுத்தி, என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே உள்ளிடுங்கள்.

செயலி திறந்துவிட்டால், அது மறுபடி மூடிக்கொள்வதற்கு முன் ‘எக்ஸ்போர்ட்’ வசதியைத் தேடுங்கள். பெரும்பாலும் சிஎஸ்வி கோப்பாகக் கிடைக்கும். அதில் பூட்டு எதுவும் இல்லை, எவர் திறந்தாலும் எல்லாம் தெரியும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பாமல், கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றி, வேறொரு கடவுச்சொல் செயலியில் ஏற்றி, சரியாக ஏறியதா என்று ஐந்தாறு கணக்குகளில் சோதித்தபின், கைபேசியிலும் கணினியிலும் ரீசைக்கிள் பின்னிலும் அதை அழித்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் இல்லையென்றால், இத்தகைய செயலிகள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் விடுவதில்லை என்பதால், ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்வதே வழி. எழுதுவதற்கு நீங்களே உட்காருங்கள், தையல் கூடத்தில் மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

கைபேசிக் கடையில் கேட்கும் இரண்டாயிரத்தைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியான கைபேசிகளிலிருந்து பயனர் தரவு முழுதும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பது கட்டாயம். அதற்குள் செயலி தனியாகவும் பூட்டியிருக்கிறது. இரண்டு பூட்டையும் கடைக்காரரின் கருவி திறக்காது. அவர்கள் உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் அந்த இடத்திலேயே கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, கணக்கில் பணம் குறைந்தது தெரிந்தால் காத்திருக்காமல் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் செயலி திறக்கவில்லை என்றால், அறுபதையும் மறுபடி அமைப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்றவற்றை மீட்கும் கடிதங்கள் அங்கேதான் வரும்; கைபேசியில் ஜிமெயில் இன்னும் திறந்திருக்கும்போதே அதன் மீட்பு எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். அடுத்து வங்கி, அங்கே ஊகித்து ஊகித்து முயன்றால் சில தவறுகளுக்குப் பின் கணக்கு பூட்டப்படும், ஆகவே நேராக மறுஅமைப்பு வழிக்குச் செல்லுங்கள். வருமான வரித் தளத்தில் ஆதார் ஓடிபி மூலம் மாற்றிக்கொள்ளலாம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் மாத நடுவில் கட்ட வேண்டியவை என்பதால் அடுத்த இடம் அவற்றுக்கு. மற்ற தளங்களைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். இவை முடிந்த பிறகும் அந்தப் பழைய செயலியைக் கைபேசியிலிருந்து நீக்க வேண்டாம். புதிய கைபேசி வாங்கினாலும், செயலிக்குத் திருத்தம் வரும் வரை பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் சார்ஜ் செய்து பீரோவில் வைத்திருங்கள்.