மோனோஸ்பாட் இல்லை என்கிறது, ஐஜிஎம் உண்டு என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் 19 வயது மகனுக்கு விடாத காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. நான்காம் நாள் எடுத்த மோனோஸ்பாட் நெகட்டிவ். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அமாக்ஸிசிலின் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்துவிட்டது. 12-ஆம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் விசிஏ ஐஜிஎம், விசிஏ ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ். ஈபிஎன்ஏ ஐஜிஜி நெகட்டிவ். பயந்துபோய் மகளுக்கும் எடுத்தோம். அவளுக்கு ஐஜிஎம் மட்டும் நெகட்டிவ், மற்ற இரண்டும் பாசிட்டிவ். முதல் லேப் தப்பாகக் கொடுத்துவிட்டதா? இருவருக்குமே நோயா? மகன் அடுத்த வாரம் கபடிப் போட்டிக்குப் போகலாமா?

பதில்: லேப் மேல் தப்பில்லை. மோனோஸ்பாட், மோனோநியூக்ளியோசிஸ் என்ற நோய்க்கு எடுக்கும் டெஸ்ட்தான். ஆனால் அந்த நோயை உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடும் டெஸ்டே அல்ல. இந்த நோய் வந்தவரின் உடம்பு, வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஆடு, குதிரையின் சிவப்பணுக்களைத் திரள வைக்கும் ஓர் ஆன்டிபாடியையும் (எதிர்ப்புப் புரதம்) சேர்த்து உண்டாக்குகிறது. பால், பன்னெல் என்ற இருவர் 1932-இல் கவனித்த இந்த விசித்திரத்தை வைத்துத்தான் அந்த டெஸ்ட் ஓடுகிறது. முதல் வாரத்தில் எடுத்தால், நோய் இருப்பவர்களிலேயே சுமார் நான்கில் ஒருவருக்கு நெகட்டிவ் என்றுதான் வரும். சின்னக் குழந்தைகளுக்கு அதை நம்பவே முடியாது.

இரண்டாவது ரிப்போர்ட் வைரஸின் சொந்தப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைப் பார்க்கிறது. ஐஜிஎம், ஐஜிஜி என்பவை ஆன்டிபாடியின் இரண்டு வகைகள். விசிஏ என்பது வைரஸின் மேல்கூட்டுப் புரதம். அதற்கு எதிரான ஐஜிஎம், நோய் தொடங்கும்போதே வந்து, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறைந்துவிடும். ஐஜிஜியும் நோய்க்காலத்திலேயே வரும், ஆனால் ஆயுள் முழுக்கத் தங்கும். ஈபிஎன்ஏ, வைரஸ் நம் வெள்ளணுக்களுக்குள் பதுங்கியிருக்கும்போது அவற்றின் உட்கருவில் காணப்படும் புரதம். அதற்கு எதிரான ஐஜிஜி இரண்டு முதல் நான்கு மாதம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். பிறகு அதுவும் போகாது.

ஆக, ஈபிஎன்ஏ நெகட்டிவ் என்பதுதான் உங்கள் மகன் ரிப்போர்ட்டில் முக்கியமான வரி. மற்ற இரண்டும் பாசிட்டிவாக இருந்து இது இன்னும் வரவில்லை என்றால், தொற்று புதிது. மோனோநியூக்ளியோசிஸ்தான். மறுபடி டெஸ்ட் எடுத்துப் பணத்தை விட வேண்டாம்.

மகளுக்கு இப்போது நோய் இல்லை. எப்போதோ வந்து போயிருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே, சாதாரண சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கடந்துபோகும் தொற்று இது. அந்த வயதில் தப்பித்து, கல்லூரி வயதில் மாட்டினால்தான் இப்படிப் படுத்துகிறது. இந்த வைரஸுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பிடிபட்டதும் ஓர் ஆன்டிபாடியால்தான்: ஃபிலடெல்ஃபியாவில் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கு இந்த நோய் வந்தது. முன்பு இந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இல்லாதிருந்த அவர் ரத்தத்தில், நோய்க்குப் பிறகு அது இருந்தது. 1968-இல் அதை வெளியிட்டார்கள்.

ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவாக வந்து ஐஜிஜி வராமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சைட்டோமெகலோ என்ற வேறொரு வைரஸின் தொற்றிலும், ருமட்டாய்டு காரணி (மூட்டுவாதக்காரர்கள் பலரின் ரத்தத்தில் இருக்கும் ஓர் ஆன்டிபாடி) உள்ளவர்களுக்கும் அது பொய்யாக வரலாம். அப்போது இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுப்பதுதான் சரி. அப்புறம், வேலூர்ப் பக்கம் விடாத காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைபஸும் (சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் பேச வேண்டும். அதிலும் நெறி கட்டும், கல்லீரல் என்சைம்கள் ஏறும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பில் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும். வெட்கப்பட்டுப் பையன்கள் காட்டுவதில்லை.

கபடி வேண்டவே வேண்டாம். இந்த நோயில் மண்ணீரல் வீங்கும். பிடித்து அமுக்கும் விளையாட்டில் அது கிழியலாம். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று வாரம், என்னைக் கேட்டால் நான்கு வாரம், எடை தூக்குவதும் கூடாது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகே களத்தில் இறங்கட்டும். இடது விலாவுக்குக் கீழோ இடது தோளிலோ திடீரென்று வலி, தலைசுற்றல் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு விடச் சிரமம், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வீக்கம் என்றாலும் அப்படியே. மற்றபடி ஓய்வு, தண்ணீர், பாராசிட்டமால் போதும்.

அமாக்ஸிசிலினை நிறுத்திவிடுங்கள். இந்த வைரஸ் இருக்கும்போது அந்த மாத்திரை சாப்பிட்டால் தடிப்பு வருவது தெரிந்த விஷயம்தான். அதை வைத்து 'பெனிசிலின் அலர்ஜி' என்று ஃபைலில் நிரந்தரமாக எழுதிவிட வேண்டாம். உடம்பு தேறிய பிறகு, உண்மையான அலர்ஜியா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.