குவாரி ஜல்லிக்கு எவ்வளவு சாம்பல்?

கேள்வி: மேலூர் பக்கம் கால்வாயில் சிறு பாலம் கட்டுகிறோம். உள்ளூர் குவாரி ஜல்லியைச் சோதித்ததில், மோர்ட்டார் பார் (உடைத்த ஜல்லியும் சிமெண்டும் கலந்து வார்த்த சிறு சோதனைக் கட்டை) 14 நாளில் 0.24% விரிந்ததாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது?
– வாசகர், மேலூர்

பதில்: 0.20% தாண்டினாலே அந்தக் கல்லைச் சந்தேகப்பட வேண்டும். சிமெண்டின் காரம் கல்லிலுள்ள சிலிக்காவை அரித்துக் கூழாக்கும். கூழ் தண்ணீரைக் குடித்து உப்பினால் கான்கிரீட் வலைபோல வெடிக்கும். பாலத்தின் கால் ஈரத்திலேயே நிற்பது, அதனால் விட்டுவிடாதீர்கள்.

சாம்பல் காரத்தைத் தன்னிடம் பிடித்துவைக்கும். ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. தூத்துக்குடி அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு குறைவு, இந்த வேலைக்கு நல்லது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். அதற்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். சிமெண்டில் 20, 25, 30, 35 சதவீதத்துக்குப் பதில் சாம்பல் என நான்கு அளவிலும் ஏஎஸ்டிஎம் சி1567 என்ற மோர்ட்டார் பார் சோதனை முறைப்படி சோதியுங்கள்.

மூன்று பாருக்கு, 25% என்றால் ஓபிசி சிமெண்ட் (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) 330 கிராம், சாம்பல் 110 கிராம், தண்ணீர் 207 கிராம். ஜல்லியை உடைத்து, சலித்து, கழுவி 990 கிராம். கலந்து அச்சில் வார்த்து, மறுநாள் அச்சைக் கழற்றி, 80 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் வைத்து முதல் அளவு எடுங்கள். பிறகு 80 டிகிரி காஸ்டிக் சோடாக் கரைசலில் 14 நாள். லிட்டருக்கு 40 கிராம் சோடா. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். விரிவுக்கு வரம்பு 0.10%. 250 மி.மீ. நீளத்தில் அது வெறும் 0.25 மி.மீ. பார் 10 டிகிரி ஆறினாலே ஏறக்குறைய 0.025 மி.மீ. சுருங்கிவிடும், அதாவது வரம்பில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு பாராக வெளியே எடுத்து, துடைத்து, 15 விநாடிக்குள் கம்பாரேட்டரில் (நீளம் அளக்கும் கருவி) வைத்துவிடுங்கள். கரைசல் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். ஆவி போனால் கரைசலின் செறிவு ஏறிவிடும்.

14 நாளில் விரிவு 0.10 சதவீதத்துக்குள் நிற்கும் மிகக் குறைந்த சாம்பல் அளவு எதுவோ அதற்குக் கீழே போகாதீர்கள். பாலத்துக்குப் பிபிசி (சாம்பல் கலந்தே வரும் சிமெண்ட்) வாங்கினால், மூட்டையில் அச்சிட்டிருக்கும் சாம்பல் சதவீதத்தைப் பாருங்கள். அந்தச் சிமெண்டில் 15 முதல் 35 வரை இருக்கலாம்.

சாம்பலுக்குப் பதில் சிலிக்கா ஃப்யூம் (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) யோசித்தால் ஒன்று: நன்றாகக் கலையாமல் கட்டியாய் நின்றால் அந்தக் கட்டியே வினைபுரிந்து விரியும். குவாரியில் வேறு முகப்பு உடைத்தாலோ சாம்பல் வரும் நிலையம் மாறினாலோ புதிதாகப் பார் போட்டுச் சோதிக்க வேண்டும்.