தூக்குவாளியில் வந்த கறி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எங்களுக்குத் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். வயது 34. பிறந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எட்டு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வேதம் தெரியாமல் பேசுகிறவள் இல்லை. அத்தை (கணவரின் அம்மா) ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

ஆடியில் முனியப்பனுக்குக் கிடா வெட்டினால், பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு கொடுத்தனுப்புவார். என் பிரசவத்தில் பத்து நாள் கூடவே இருந்தவர். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நானும் பிள்ளைகளும் சாப்பிடுவோம். அத்தை, “படைச்சது” என்று அது பட்ட சட்டியைக்கூடத் தனியாக ஒதுக்கி வைக்கிறார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று வேதத்தில் அப்போஸ்தலர் பவுலே எழுதியிருக்கிறார். எடுத்துக் காட்டியும் கேட்கவில்லை. என் வீட்டில் நான் சாப்பிட இன்னொருவரிடம் அனுமதி வாங்க வேண்டுமா? கணவர் வாயே திறப்பதில்லை. இந்த வருடம் பிள்ளைகள் முன்னால், “இன்னும் முனியப்பனுக்குப் பயமா அத்தை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது முடிந்த கதை. அப்புறம் முட்டி வலி என்று சபைக்கும் வருவதில்லை. ஆனால் சட்டியை ஒதுக்குவது மட்டும் நிற்கவில்லை. நான் செய்தது என்ன தப்பு?

அன்புள்ள சகோதரி,

சட்டியை விடுங்கள். ‘முடிந்த கதை’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

உங்களுக்கு அது ஆட்டுக்கறி. அத்தையோ எத்தனை வருடம் அந்தக் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை கைகூப்பி நின்றிருப்பார்! சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதையெல்லாம் விட்டு வந்தவர், பேரப்பிள்ளைகள் முன்னால் பட்ட கூச்சத்தில், தப்பு என்று தான் நம்பியதையே செய்துவிட்டார். அப்புறம் எந்த முகத்தோடு சபையில் உட்காருவார்? முட்டி வலி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது ஆடிக்கு அப்புறம் வந்த வலி.

நீங்கள் எடுத்துக் காட்டிய வசனம் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தையும் படியுங்கள்: “அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்.” கறி விஷயத்தில் பவுல் உங்கள் கட்சிதான். அவர் பயந்ததெல்லாம், தெளிந்தவரைப் பார்த்துத் துணிந்து, மனச்சாட்சி உறுத்த உறுத்தச் சாப்பிடுகிற அந்த இன்னொருவருக்காக. அது உங்கள் வீட்டில் நடந்துவிட்டது.

இதற்காகக் கறி பாவம் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். அக்காவின் தூக்குவாளியைத் திருப்பியும் அனுப்பாதீர்கள். அவர் மனதும் முக்கியம். விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் சாப்பிடச் சொன்ன அதே பவுல், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருக்காக விட்டுவிடு என்று அடுத்த வரியிலேயே சொல்கிறார் (10-ஆம் அதிகாரம்). உங்களுக்கு இது அடங்கிப்போவதாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வேளைக் கறியை விட முடியவில்லை என்றால், அதைச் சுயாதீனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேலி செய்தது பிள்ளைகள் முன்னால். மன்னிப்பையும் அவர்கள் முன்னாலேயே கேளுங்கள். அப்போது வசனம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் (எட்டு வருடப் பழக்கம், வாயில் வந்துவிடும்). ஞாயிறு காலை வாசலுக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முட்டி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.