சிவப்பு லைட், மினி யூபிஎஸ், துண்டுச் சீட்டு: வாசகர் கேள்வி-பதில்

(கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. கடை, கம்பனிப் பெயர்களை நீக்கியிருக்கிறோம்.)

எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு மழை தொடங்கியதிலிருந்து விட்டு விட்டு வேலை செய்கிறது. ரவுட்டரில் ஒரு சிவப்பு லைட் மினுங்குகிறது. போன் பண்ணினால் ஒவ்வொரு முறையும் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்" என்கிறார்கள். மூன்று நாளாகிவிட்டது. — உப்புவெளி வாசகி

அந்தச் சிவப்பு லைட்டுக்குப் பக்கத்தில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும். கம்பனியிலிருந்து வர வேண்டிய ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஒளி வராத பெட்டியை நூறு தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் ஒளி வராது. போனை எடுத்தவுடன் "இன்டர்நெட் இல்லை" என்று சொல்லாதீர்கள். "எல்ஓஎஸ் சிவப்பு மினுங்குகிறது" என்று சொல்லுங்கள். இன்டர்நெட் இல்லை என்றால் அவர்கள் முன்னால் இருக்கும் தாளில் முதல் வரியிலிருந்து வாசிப்பார்கள். எல்ஓஎஸ் என்றால் ஆள் அனுப்ப வேண்டிய பழுது என்று அவர்களுக்கே தெரியும்.

கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்குள் இரண்டு இடங்களைப் பாருங்கள். பெட்டியின் பின்னால் பச்சைத் தலையுள்ள மெல்லிய வயர் இறுக்கமாக ஏறியிருக்கிறதா? சரியாக ஏறினால் 'கிளிக்' என்று கேட்கும். அந்த வயர் அலுமாரிக்குப் பின்னால் நசுங்கியோ, தேநீர்க் கோப்பையின் வாயைவிடச் சிறிய வட்டமாக வளைந்தோ இருக்கிறதா? உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வளைவு கூடினால் ஒளி வெளியே கசிந்துவிடும். வயரைக் கழற்றினால் அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் ஓடும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

இரண்டும் சரியென்றால் பழுது வெளியில். மாரி மழைக்கும் காற்றுக்கும் தென்னோலை விழுந்து இழுபட்ட வயர், தண்ணீர் இறங்கிய இணைப்புப் பெட்டி, இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். ஆள் வந்தால் ஒளி அளக்கும் மீற்றரைப் போட்டு அளவைச் சொல்லச் சொல்லுங்கள். வழமையான ஃபைபர் பெட்டிகளுக்கு மைனஸ் 8 இலிருந்து மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) வரை ஏற்கத்தக்கது. மைனஸ் 20 என்றால் நிம்மதி. மைனஸ் 26 என்று காட்டிய நேரத்தில் லைட் பச்சையாக இருந்தாலும் "சரியாகிவிட்டது" என்று அவரைப் போகவிடாதீர்கள். எல்லையை ஒட்டிய அளவு அது, அடுத்த மழைக்குத் திரும்ப விழும்.

ஒவ்வொரு அழைப்புக்கும் முறைப்பாட்டு இலக்கம் கேட்டு, திகதியும் நேரமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கம்பனி அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 க்கு எடுங்கள். கம்பனியிடம் முதலில் முறையிட்டீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள். அப்போது அந்தக் கொப்பி கையில் இருக்க வேண்டும். இணைப்பு இல்லாத நாட்களுக்கு வாடகையைக் கழிக்கும்படியும் கம்பனிக்கு எழுத்தில் கேளுங்கள்.

100 எம்பிபிஎஸ் பக்கேஜ் எடுத்தேன். ஃபைல் இறக்கும்போது 11 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? — லிங்கநகர்

இல்லை. கம்பனி சொல்வது பிட், கணினி காட்டுவது பைட். எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் பிரித்தால் 12.5. அதில் 11 வருவது நல்ல இணைப்பு.

ஃபைபர் போட்டும் பின் அறைக்கு வைஃபை வருவதில்லை. ரவுட்டரைப் பாதுகாப்பாக ஹோலில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறோம். — உவர்மலை

வெளியே எடுத்து, வீட்டின் நடுப்பக்கமாக, தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் எழுதுங்கள்.

மூதூரில் இருக்கிறோம். சிம் போடும் 4ஜி ரவுட்டர். காலையில் நன்றாக ஓடும், இரவு ஏழு மணிக்குப் பிறகு பிள்ளைகளின் சூம் வகுப்பு நின்று நின்று போகிறது. கூரையில் அன்ரனா பூட்டினால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். — ஒரு தாய்

காசைக் கொடுக்காதீர்கள், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ரவுட்டரின் பக்கத்தை போனில் திறவுங்கள் (பெட்டியின் அடியில் 192.168 என்று தொடங்கும் முகவரி ஒட்டியிருக்கும்). அதில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம்: மைனஸ் 80 நல்லது, மைனஸ் 100 மெலிவு, மைனஸ் 110 ஐத் தாண்டினால் மோசம். இரண்டாவது சிக்னலின் தெளிவு: 13 க்கு மேல் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே என்றால் பயனில்லை.

காலை ஐந்து மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ரவுட்டரை ஒரே இடத்தில் வைத்து இரண்டு எண்ணையும் வேகத்தையும் எழுதுங்கள். பலம் இரு நேரமும் ஒன்றாக இருந்து, இரவில் வேகம் மட்டும் விழுந்தால், கோபுரத்தில் ஆள் கூடிவிட்டது. அதற்கு அன்ரனா மருந்தில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கொட்டியாரக்குடாவுக்கு மேலே தடை எதுவும் இல்லை. அதனால் கடலைப் பார்த்த ஜன்னலில் வைத்தால் ரவுட்டர் அக்கரைக் கோபுரத்தைப் பிடிக்கக் கூடும். தெருப்பக்க ஜன்னலில் வைத்தால் ஊர்க் கோபுரம். இரண்டு ஜன்னலிலும் வைத்து, இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். செலவில்லாத வேலை. இரண்டிலும் பலம் மைனஸ் 105 க்குக் கீழே நின்றால் மட்டும் அன்ரனாவைப் பற்றி யோசிக்கலாம். அதுவும் உங்கள் ரவுட்டரின் பின்னால் அன்ரனா பூட்டும் துளை இருந்தால்தான்.

கரண்ட் போனால் ரவுட்டர் எட்டு மணித்தியாலம் ஓடும் என்று சொல்லி மினி யூபிஎஸ் ஒன்று விற்றார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் நிற்கிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள். — அன்புவழிபுரம்

இதே சாமானை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். மேலே பற்றரியின் கொள்ளளவு 10,400 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தால் நான்கு செல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. மற்ற இரண்டு குழியும் வெறுமையாக, செல் அசையாமல் இருக்க ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு அடைத்திருந்தது.

கணக்கு இதுதான். உள்ளே இருப்பது விரல் தடிப்பில் 18650 என்ற லிதியம் செல். ஒன்று 3.7 வோல்ட். நல்ல செல் 2,600 மில்லி அம்பியர் மணி கொள்ளும். நான்கு செல் என்றால் 10,400. அதை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் ஏறக்குறைய 38 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கு வீணாகும், கையில் மிஞ்சுவது 32 அல்லது 33. வீட்டு ஃபைபர் ரவுட்டர் சராசரியாக 8 வாட் எடுக்கும் என்று வைத்தால் நான்கு மணித்தியாலம். ஆக, பெட்டியில் எழுதியது முழுவதும் உண்மையாக இருந்தால்கூட எட்டு வராது. உங்களுக்குக் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலம், தரம் குறைந்த இரண்டு செல்லின் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது.

வாங்குகிறவர்கள் கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம். நான்கு என்றால் செல் மட்டுமே 180. தராசில் வையுங்கள், பலசரக்குக் கடைத் தராசு போதும். கோதும் உள்ளிருக்கும் மின்பலகையும் சேர்த்து 180 கிராம்கூட வராவிட்டால் உள்ளே நான்கு செல் இல்லை. நான் ஏமாந்த பெட்டி 140 கிராம்.

இன்னும் ஒன்று. ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 12 வோல்ட் 1 அம்பியர், 1.5, 2 என்று பல உண்டு. 2 அம்பியர் கேட்கும் ரவுட்டரை 1 அம்பியர் யூபிஎஸ்ஸில் பூட்டினால், வைஃபையில் ஆள் கூடும்போது ரவுட்டர் தானாக நின்று திரும்ப எழும்பும். 9 வோல்ட் துளையில் மாறிப் பூட்டினாலும் அப்படித்தான். பலர் அதை இன்டர்நெட் கோளாறு என்று நினைத்துக் கம்பனியுடன் சண்டை பிடிக்கிறார்கள்.

உங்கள் முறைப்பாட்டுக்கு இடம் உண்டு. விற்ற சாமான் சொன்னபடி இல்லை. கழற்றாதீர்கள், கழற்றினால் உத்தரவாதம் போய்விடும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்து, தொடக்கத்தையும் முடிவையும் வீடியோ எடுங்கள். பில்லுடன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். அழைப்பு எண் 1977. பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

புது போன் ஒன்றை 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டாவது கிழமையே எந்தச் சிம்மும் வேலை செய்யவில்லை. பதிவில்லாத போன் என்கிறார்கள். கடைக்காரர் "அது உங்கள் வேலை" என்கிறார். தந்த துண்டில் "போன் 1 – 38,000" என்று மட்டும் இருக்கிறது. — கிண்ணியா

உங்கள் மேல் பிழை மிகக் குறைவு. பதிவில்லாத போனைப் புதுசு என்று விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரி 28 முதல் புதிதாக வலையமைப்பில் சேரும் போன்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானவையாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னார்கள். சோதிப்பது ஒரு நிமிட வேலை. கடையிலேயே *#06# அழுத்துங்கள், 15 இலக்க ஐஎம்இஐ (அந்தப் போனின் அடையாள எண்) வரும். குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம். 1909 க்கு அனுப்புங்கள். பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள். திரையில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

இனி அந்தத் துண்டைப் பற்றி. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் என்னை அதிகம் நோகச் செய்வது இந்தத் துண்டுதான். கல்குலேற்றருக்குப் பக்கத்தில் கிடக்கும் தாளைக் கிழித்து, தொகையை மட்டும் கிறுக்கித் தருகிறார்கள். கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை, மொடல் இல்லை. ஐம்பது ரூபா சோடாவுக்குப் பில் அடித்துத் தரும் ஊரில், ஒரு மாதச் சம்பளத்துக்கு வாங்கும் போனுக்குத் துண்டு. நாங்களும் அதை வாங்கி, நன்றி சொல்லி, பேர்ஸில் மடித்து வைக்கிறோம். கடைக்காரர் தெரிந்தவர், பில் கேட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். சாமான் பழுதான அன்று அந்தத் தெரிந்தவரே "இது எங்கள் கடைச் சாமானா?" என்று கேட்கிறார்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும். கேட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். வாயைத் திறந்து கேட்க வேண்டும். போனாக இருந்தால் அந்தப் பில்லில் மொடலும் ஐஎம்இஐ இலக்கமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லி, கடை முத்திரை குத்தச் சொல்லுங்கள். வெப்பத்தில் அச்சடிக்கும் மினுங்கும் பில் சில மாதத்தில் வெளிறிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது" என்ற பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பலகையால் அது அழியாது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: அந்தத் துண்டை எறியாதீர்கள். காசை வங்கி மூலமோ அட்டையிலோ கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரருடன் நடந்த வட்ஸப் உரையாடல், பெட்டி, ஐஎம்இஐ படம், எல்லாவற்றையும் சேருங்கள். கடைக்குப் போய் இன்னொரு தரம் கேளுங்கள், சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். தராவிட்டால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுப்பதில் அந்த மூன்று மாதம் கரைந்துவிடும்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் இணைப்பு எடுத்தேன். நாலு மாதத்தில் வேறு கம்பனி மலிவாகத் தருகிறது. இடையில் நிற்பாட்டினால் காசு கேட்கிறார்கள். நியாயமா? — திருக்கடலூர்

நியாயம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் நீங்கள். விளம்பரத்தில் உள்ள விலை வரிக்கு முந்தியதா என்றும் புதுக் கம்பனியிடம் கேளுங்கள். வற் வரி மட்டும் நூற்றுக்குப் பதினெட்டு.

பக்கேஜ் 100 ஜிபி என்றார்கள். பத்தாம் திகதிக்குள் முடிந்துவிட்டது. — தம்பலகாமம்

எத்தனை ஜிபி பகலுக்கு, எத்தனை நள்ளிரவுக்குப் பிறகு என்று பார்த்தீர்களா? பல பக்கேஜில் பெரும் பங்கு இரவு டேட்டாதான். நீங்கள் படம் பார்ப்பது மாலையில். யூடியூப்பின் படத் தரத்தை 1080 இல் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி போகும். 480 இல் அரை ஜிபி அளவில் நிற்கும். டிவியில் அமைப்பை மாற்றுங்கள். போன்களின் அப்டேற்றை விடியப்புறத்துக்குத் தள்ளுங்கள்.

எல்லா வகைப் பிளக்கும் போகும் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றில் ரவுட்டர், டிவி, கேத்தில் மூன்றையும் பூட்டியிருக்கிறோம். பிளக் சுடுகிறது. — மனையாவெளி

இன்றைக்கே கேத்திலைக் கழற்றுங்கள். 2,000 வாட் கேத்தில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்பது அம்பியர் இழுக்கும். எல்லாப் பிளக்கும் போகும் துளை எந்தப் பிளக்கையும் இறுக்கிப் பிடிக்காது. பிடி தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும், கடற்காற்றில் பித்தளை பச்சை பிடித்தால் சூடு இன்னும் கூடும். இலங்கையில் 13 அம்பியர் சதுரப் பின்தான் இப்போது தரம். மற்ற வகைகளை விற்க 2018 ஆகஸ்டிலிருந்து தடை. பிளக்குக்குள் ஃபியூஸ் உள்ளதை வாங்குங்கள். கேத்தில் நேரே சுவரில்தான்.

பார்சல் வந்திருக்கிறது, முகவரி பிழை, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் குறுஞ்செய்தி. அப்பா அட்டை இலக்கத்தையும் ஓடிபியையும் போட்டுவிட்டார். காசு போய்விட்டது. அவர் சாப்பிடாமல் இருக்கிறார். — சல்லி

முதலில் அப்பாவைத் திட்டாதீர்கள். தபால் திணைக்களமே இந்தப் போலிச் செய்தியைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அவ்வளவு பேர் மாட்டியிருக்கிறார்கள்.

அட்டையின் பின்னால் உள்ள வங்கி எண்ணுக்கு இப்போதே எடுத்து அட்டையை நிற்பாட்டுங்கள். செய்தியில் வந்த எண்ணுக்கு எடுக்காதீர்கள். காசு மோசடியால் போனது என்று வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் படம் எடுங்கள். பொலிஸ் நிலையத்தில் பதியும்போதும் இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் 101 க்குச் சொல்லும்போதும் அதைக் கேட்பார்கள். அந்த இணைப்பை அழுத்தியபோது ஏதாவது அப் இறங்கியிருந்தால் போனிலிருந்து நீக்குங்கள். மின்னஞ்சல், வங்கி அப் இரண்டின் கடவுச்சொல்லையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.