வாங்கிய ஆறே வாரத்தில் போன் விலை குறைந்துவிட்டது: விற்றுவிட்டு மறுபடி வாங்கலாமா?

கேள்வி: புது மாடல் போன் ஒன்றை, வெளியான முதல் வாரத்திலேயே 12 மாதத் தவணையில் வாங்கினேன். ஆறு வாரம்தான் ஆகிறது. அதே போன், அதே கடையில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு விலை குறைந்து கிடைக்கிறது. கடையில் கேட்டால், விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்பதற்கான காலக்கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். என் தவணையோ பழைய விலைக்கே போய்க்கொண்டிருக்கிறது. போனைக் கையில் எடுத்தாலே ஏமாந்துவிட்டோமே என்ற நினைப்புதான் வருகிறது. தினமும் விலையைப் பார்த்துப் பார்த்து வயிறெரிகிறேன். இதை விற்றுவிட்டு, குறைந்த விலையில் புதிதாக வாங்கினால் கொஞ்சமாவது மீளுமா? அடுத்த முறை எப்போது வாங்கினால் இப்படி ஆகாது?

பதில்: விற்காதீர்கள். முதலில் அந்த எண்ணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் வாங்கிய விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் புதுசே 80-க்குக் கிடைக்கிறது. அப்படியிருக்க, ஆறு வாரம் பயன்படுத்திய போனை யாரும் 80 கொடுத்து வாங்கமாட்டார்கள். 60 கிடைக்கிறது என்று வைப்போம். 60-க்கு விற்று 80-க்கு வாங்கினால் கையிலிருந்து இன்னும் 20 போகும். கடைசியில் கையில் இருப்பது அதே போன்தான். ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்த 20-ஐ மீட்கப் போய், இன்னொரு 20-ஐயும் விட்டுவிட்டு வருவீர்கள்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2007-ல் ஆப்பிளின் முதல் ஐபோன் ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்தது. 8 ஜிபி போனின் விலை 599 டாலர். செப்டம்பர் 5-ஆம் தேதி அதை 399 டாலராகக் குறைத்தார்கள். பத்து வாரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. முதலில் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, அவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள கடைச் சலுகை தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. கவனியுங்கள்: வித்தியாசம் 200 டாலர், கிடைத்தது 100, அதுவும் அதே நிறுவனத்தில் பொருள் வாங்கத்தான். அதுகூட ஏராளமானோர் ஒரே நேரத்தில் கேட்டதால் கிடைத்தது. தனி ஆளாக நாம் கேட்கும்போது எழுதிவைத்த விதிதான் பேசும்.

எனவே விதிகளைப் பாருங்கள். கடைக் காலக்கெடு முடிந்துவிட்டாலும் வேறு வழி இருக்கலாம். சில கடன் அட்டைகளில் விலைப் பாதுகாப்பு என்றொரு சலுகை உண்டு. வாங்கிய பின் குறிப்பிட்ட காலத்துக்குள் விலை குறைந்தால் வித்தியாசத்தை அட்டை நிறுவனம் திருப்பித் தரும். கடைகள் தரும் அவகாசத்தைவிட இது பெரும்பாலும் நீளமாக இருக்கும். எந்த அட்டையில் பணம் கட்டினீர்களோ அதன் சலுகை விவரத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். ரசீதும், விலை குறைந்திருப்பதைத் தேதியோடு காட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் தேவைப்படும்.

அதைத் தேடும்போதே இன்னொன்றையும் சரிபாருங்கள். குறைந்திருப்பது உண்மையில் விலைதானா? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் தொகை, பல சமயம் குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும், அல்லது பழைய போனைக் கொடுத்தால் மட்டும், அல்லது விற்காமல் நிற்கும் ஒரு நிறத்துக்கு மட்டும் பொருந்தும். அந்த நிபந்தனைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஐந்தில் ஒரு பங்கு என்பது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடலாம்.

விலை ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று தெரிந்தால் அடுத்த முடிவு எளிதாகும். முதல் வாரத்திலேயே வாங்கியாக வேண்டும் என்று துடிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வெளியீட்டு விலை அவர்களுக்காகவே வைப்பது. அந்தக் கூட்டம் வாங்கி முடித்ததும், காத்திருப்பவர்களை இழுக்க விலையை இறக்குவார்கள். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் இயல்பாகவே உண்டு என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1972-லேயே எழுதினார். விலை பின்னால் இறங்கும் என்று மக்களுக்குத் தெரிந்தால் இப்போதே ஏன் வாங்குவார்கள் என்பதுதான் சிக்கல். அதனால்தான் விலை குறைப்பை நிறுவனங்கள் பொதுவாக முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்களுக்குத் தெரியாமல் போனதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

ஆனால் எல்லா விலைக் குறைப்பும் ஒன்றல்ல. அமேசானின் ஃபயர் போன் 2014 ஜூலையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு வந்தது. செப்டம்பரில் அதே ஒப்பந்தத்தோடு வெறும் 99 சென்ட். போன் விற்கவில்லை, அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். இப்படிப்பட்ட வீழ்ச்சி என்றால் கவலைப்பட வேண்டியது விலைக்காக இல்லை, அந்த போனின் எதிர்காலத்துக்காக. உங்கள் மாடலுக்கு எத்தனை ஆண்டு மென்பொருள் அப்டேட் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அந்த உறுதி இருந்து, அப்டேட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் உங்களுடையது வழக்கமான இறக்கம்தான்.

சரி, வழக்கமான இறக்கம் என்றால் உங்கள் நஷ்டம் எவ்வளவு? இது எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 100-க்கு வாங்கி நான்கு ஆண்டு பயன்படுத்தி 15-க்கு விற்றால், 48 மாதத்துக்கு 85 செலவு. மாதம் சுமார் 1.8. பொறுத்திருந்து 80-க்கு வாங்கியிருந்தால் மாதம் சுமார் 1.35. வித்தியாசம் மாதத்துக்கு அரைகூட இல்லை. அதே போனை ஓராண்டில் 45-க்கு விற்றுவிட்டு அடுத்ததற்குப் போனால், 12 மாதத்துக்கு 55 செலவு, அதாவது மாதம் 4.6. ஆறு வாரத்தில் விழுந்த விலையைவிட, சீக்கிரம் மாற்றும் பழக்கம்தான் அதிகம் தின்கிறது. இவை எளிதாகப் புரிய நான் வைத்த எண்கள். உங்கள் போனின் எண்களைப் போட்டுப் பாருங்கள், போக்கு மாறாது. இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காகப் போனையே மாற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம் தவணை. கோபத்தில் இதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பொருளின் விலை இறங்கினாலும் நீங்கள் வாங்கிய கடன் இறங்காது. கடன் கொடுத்தவருக்கும் கடையின் விலைப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. தவறவிட்டால் அபராதத்தோடு கடன் வரலாறும் கெடும். உங்கள் தவணைக்கு வட்டி உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். வட்டி இருந்து, முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இல்லை என்றால், கையில் இருக்கும் உபரியை இதில் போட்டு முடித்துவிடுங்கள். இப்போதைக்கு நீங்கள் நிச்சயமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் அதுதான். வட்டியில்லாத் தவணை என்றால் அவசரப்பட வேண்டாம், அதன் போக்கில் கட்டுங்கள். ஆனால் முழுப் பணம் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை இழந்திருக்கலாம். அதுதான் அந்தத் தவணையின் மறைமுக வட்டி. அடுத்த முறை கடையில் இரண்டு விலையையும் கேளுங்கள்.

விலை பார்ப்பதை நிறுத்துங்கள் என்றும் சொல்வேன். அட்டைச் சலுகையின் கெடு இருக்கும் வரை பார்ப்பதில் பயன் உண்டு. அதன் பிறகு ஒவ்வொரு முறை பார்ப்பதும் வெறும் வேதனை. விலை அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

அடுத்த முறை எப்போது வாங்குவது? பழைய போன் உடைந்து, வேலைக்கு உடனே வேண்டும் என்றால் அன்றைய விலையில் வாங்குங்கள். போன் இல்லாமல் ஆறு வாரம் ஓட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. பழையது ஓடிக்கொண்டிருந்தால், இன்னும் மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் இன்று வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் காத்திருங்கள். பொதுவாக அடுத்த மாடல் வரும்போது முந்தையது ஒரு படி இறங்கும். ஐபோன்களில் இது பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். சாம்சங்கின் கேலக்ஸி எஸ் வரிசை ஆண்டின் முதல் மாதங்களில் வரும்.

ரொம்பவும் காத்திருப்பதும் லாபமில்லை. அப்டேட் காலம் நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. 2023-ல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வாங்குபவருக்கு மீதி ஐந்துதான். 100 விலையுள்ள போனை வந்தவுடன் வாங்கினால் ஏழு ஆண்டு, ஆண்டுக்குச் சுமார் 14. ஓராண்டு கழித்து 70-க்கு வாங்கினால் ஆறு ஆண்டு, சுமார் 12. இரண்டாண்டு கழித்து 60-க்கு வாங்கினாலும் அதே 12-தான், போன் மட்டும் பழசு. எனவே முந்தைய மாடலை வாங்கப் போகும்போது, அப்டேட் எந்த ஆண்டு வரை என்பதைக் கேட்டு, விலையை அந்த மீதி ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்.