கணக்கு வகுப்பில் ஒரு கோமாளி – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஒன்பது வருடங்களாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இப்போது எட்டாம் வகுப்பு. பிள்ளைகளுக்குக் கணக்கில் ஆர்வம் வரவேண்டும் என்று இந்த வருடம் என்னென்னவோ செய்துபார்த்தேன். சரியான விடைக்கு நட்சத்திர ஸ்டிக்கர், வாரம் ஒரு வினாடி வினா, அணி பிரித்துப் போட்டி, பாட்டாக வாய்பாடு. வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டி முடிந்து நான் போர்டு பக்கம் திரும்பியதும் எல்லா முகமும் வாடிவிடுகிறது. இப்போதெல்லாம் எந்தக் கணக்கைப் போட்டாலும் முதலில் வரும் கேள்வி, "இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?"

போன வாரம் காரணிப்படுத்துதல் ஆரம்பித்தேன். "இதெல்லாம் வாழ்க்கையில எங்க மிஸ் யூஸ் ஆகும்?" என்று ஒருவன் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். போர்டில் உள்ளதை முத்து முத்தாக நோட்டில் எழுதிக்கொள்வாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

சில நாள் நான் டீச்சரா கோமாளியா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. எழுத வருவதற்கு முன் நீங்கள் கணக்கு சொல்லிக்கொடுத்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளைக் கணக்குக்குள் இழுப்பது எப்படி? பாடத்திட்டத்தையும் முடித்தாக வேண்டும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு கணக்கு டீச்சர்

*

அன்புள்ள டீச்சர்,

நான் சொல்லிக்கொடுத்தது நான்கே வருடம், அதுவும் டியூஷன். நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துச் சமாளித்த அனுபவம் எனக்கு இல்லை. அதனால் இதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

கோமாளி வேலையை நானும் பார்த்திருக்கிறேன். குறை எண்களைக் கூட்டக் கழிக்கக் கற்றுத்தர, சிவப்பும் கறுப்புமாக நூற்றுச்சொச்சம் சீட்டுகள் வெட்டி ஒரு விளையாட்டு உண்டாக்கினேன். இரண்டு இரவு அதற்கே போனது. பையன்கள் சத்தம்போட்டு விளையாடினார்கள். பெருமையாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அவர்களில் ஒருவனைப் பார்த்தபோது, "சார், அந்த சீட்டு வெளாட்டு செம சார்" என்றான். அதில் என்ன படித்தோம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஏதோ மைனஸ்..." என்றான்.

முதலில் ஆர்வத்தை வரவழைத்துவிடலாம், அப்புறம் கணக்கைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். எனக்குத் தெரிந்து அது அந்த வரிசையில் வருவதில்லை. ஒரு கணக்கோடு கொஞ்சம் மல்லுக்கட்டி, "அட, இதுதானா!" என்று ஒருமுறை தானாகப் பிடித்தவனுக்குத்தான் அடுத்த கணக்கின் மேல் ஆசை வருகிறது. சீட்டும் ஸ்டிக்கரும் அந்த நிமிடத்துக்கு வழிவிட வேண்டும். என் சீட்டுகள் அதை மறைத்துக்கொண்டு நின்றன.

ஸ்டார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். அவர்களில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. "என் பிள்ளைகளுக்குக் கணக்கே பிடிக்காது, பரிசு கொடுத்து இனி எதைக் கெடுக்கப்போகிறேன்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். வாய்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைக்கு ஸ்டார் கொடுங்கள், பாதகமில்லை. யோசிக்கவேண்டிய கேள்விக்கு மட்டும் வேண்டாம். ஸ்டார் இருந்தால் பிள்ளை ஸ்டாருக்குக் குறுக்கு வழிதான் தேடும். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

"எங்கே யூஸ் ஆகும்?" என்று கேட்டவன் விஷயத்துக்கு வருகிறேன். விடுகதை போட்டால் யாராவது இது எதற்கு உதவும் என்று கேட்கிறார்களா? புரிந்து ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தக் கேள்வி எழுவதே இல்லை. பல நேரம் அதற்கு அர்த்தம், "மிஸ், நான் எங்கேயோ விட்டுட்டேன்." அதை நேராகச் சொல்ல வெட்கம், அதனால் பாடத்தின் மேல் பழியைப் போடுகிறான். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: காரணிப்படுத்துதலை வேலையில் நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. கேட்டவனிடம் தனியாக இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பின்னம் தெரியாமல் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆர்வக் குறைவு என்று பெயர் வைத்துவிடுகிறோம். எந்த விளையாட்டும் அந்த ஓட்டையை அடைக்காது. தினம் பத்து நிமிடம் பின்னம் சொல்லிக்கொடுத்தால் அடைபடும்.

"வாழ்க்கையோடு இணைத்துச் சொல்லிக்கொடு" என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். பேருந்து, தண்ணீர்த்தொட்டி என்று பெயர் ஒட்டிவிட்டால் அது வாழ்க்கைக் கணக்கு ஆகிவிடாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த தேசிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். மீதி பன்னிரண்டு பேர் ரோட்டில் நிற்கிறார்கள்!

அதே காலத்தில் பிரான்சில் இன்னும் வேடிக்கை. கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் அந்த எண்களை எப்படியோ சேர்த்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. கணக்கு வகுப்பில் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது, கொடுத்த எண்ணை வைத்து எதையாவது செய்துவிட வேண்டும் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இதைக் கேட்டுப்பாருங்கள். சிரிப்பதற்காக இல்லை. "இந்தக் கேள்வியே தப்பு மிஸ்" என்று சொல்ல இங்கே அனுமதி உண்டு என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

சரி, காரணிப்படுத்துதலுக்கு வருவோம். நானும் முற்றொருமையை, அதாவது எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும் சூத்திரத்தை, முதலில் எழுதி, கட்டம் கட்டி, அப்புறம் பயிற்சி கொடுத்தவன்தான். இன்று ஒரு வகுப்பு கிடைத்தால் போர்டில் ஒன்றும் விளக்காமல் இரண்டே பெருக்கல் எழுதுவேன்: 7×9, 8×8. கீழே 19×21, 20×20. கடைசி வரிசை வரை எல்லாருக்கும் போட வரும். 63, 64. 399, 400. யாராவது ஒருவர் "ஒண்ணு கம்மி" என்று முனகுவார். அப்போது தலையாட்ட வேண்டாம். "எல்லாத்துக்கும் அப்படியா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்களாகவே எண்களைத் தேடிச் சோதிப்பார்கள். அப்புறம் 18×22. ஒன்று குறையும் என்று எதிர்பார்த்தால் நான்கு குறைகிறது, 396. 17×23-ல் ஒன்பது, 391. ஒன்று, நான்கு, ஒன்பது. இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். கொஞ்ச நேரத்தில் 47×53-ஐ மனதிலேயே 2491 என்று சொல்ல ஆரம்பிப்பார்கள், 2500-ல் ஒன்பதைக் கழித்து.

இது ஏன் இப்படி வருகிறது என்ற கேள்வி இப்போது அவர்களுடையது. (a−b)(a+b) = a²−b² என்று நீங்கள் எழுதும்போது, தாங்கள் கண்டுபிடித்ததைச் சுருக்கி எழுத ஒரு வழி கிடைத்த மாதிரி இருக்கும். a-யும் b-யும் எங்கிருந்து வந்தன என்று யாரும் விழிக்கமாட்டார்கள்.

அடுத்த நாள் திருப்பிப் போடுங்கள். 899 பகா எண்ணா? இரண்டால், மூன்றால், ஏழால் என்று வகுத்துக்கொண்டே போவார்கள். 900-க்கு ஒன்றுதான் குறைவு என்று ஒருத்தி பார்த்துவிட்டால் 29×31 என்று அதுவே உடைந்துவிடும். அப்புறம் 1591. இதே தந்திரத்தை வைத்துத்தான் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 17-ஆம் நூற்றாண்டில் 2027651281 என்ற எண்ணை 44021, 46061 என்று இரண்டாக உடைத்தார். கால்குலேட்டர் இல்லாத காலம். இதைப் பாடம் முடிந்தபின் சொன்னால் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். முதலிலேயே சொன்னால் கொட்டாவிதான் வரும், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு பாடவேளை, ஒன்றரைப் பாடவேளை ஆகும். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்தால் பாடத்திட்டம் முடியாது, செய்யவும் வேண்டாம். பெரிய பாடம் ஒன்று தொடங்கும்போது மட்டும் போதும். மற்ற நாட்களில் வழக்கமான பயிற்சிதான். பயிற்சியை நான் மட்டம் தட்டவில்லை. வாய்பாடு தடுமாறுகிற பிள்ளைக்கு 17×23-ல் உள்ள வேடிக்கை கண்ணுக்கே தெரியாது.

அந்தக் கடைசி வரிசைப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது சொல்லச் சின்னதாக இருக்கிறது, வகுப்பின் முன்னால் நின்றால் யுகம். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன், இரண்டுக்கு மேல் தாங்காது. வாய் தானாகவே விடையைச் சொல்லிவிடும்.

அவளை எழுப்பி நிறுத்துவதைக் கொஞ்ச நாள் விடுங்கள். கேள்வி கேட்டதும் யாரும் கைதூக்க வேண்டாம், ஒரு நிமிடம் எல்லாரும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டட்டும். நீங்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து, அவள் எழுதியதில் எது சரியோ அதைக் காதோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தப்பான விடைக்கு மட்டும்தான் நாம் "எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறோம். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் பிள்ளைகள் ரப்பரை எடுத்துவிடுகிறார்கள். சரியான விடைக்கும் அதே குரலில் கேளுங்கள். முதல் வாரம் சரியாகப் போட்டவர்களும் அவசரமாக அழிப்பார்கள். பழகிவிடும்.

திங்கட்கிழமை 7×9-ல் ஆரம்பித்துப் பாருங்கள். சொதப்பினாலும் எழுதுங்கள், எங்கே சொதப்பியது என்று சேர்ந்து பார்ப்போம். 1591-க்கு விடை வராமலே மணி அடித்துவிட்டால், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும்.