பட்டனா, டிவ்வா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

வெப் பக்கத்து பட்டன்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் கடைசி வருட மாணவன். வெறும் பெட்டியான டிவ் டேக்கில் ஆன்க்ளிக் (அழுத்தினால் நடக்க வேண்டிய வேலை) போட்டு, சிஎஸ்எஸ்ஸில் பட்டன் மாதிரி அலங்கரித்துவிட்டால் அதே வேலைதானே நடக்கிறது? பட்டன் டேக்கைத்தான் போட வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறார்கள்?

மவுஸ் பிடித்திருப்பவருக்கு மட்டும்தான் அதே வேலை நடக்கிறது, தம்பி. உன் டிவ் பட்டன் இருக்கும் பக்கத்தைத் திறந்து, டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போய்ப் பார். ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்போது நிற்கும் இடம், உன் பட்டனில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். சரி, டேப் விசை அங்கேயும் நிற்கும்படி டேப்இண்டெக்ஸ் 0 கொடுக்கிறாய். இப்போது நிற்கிறது, ஆனால் என்டர் தட்டினால் ஒன்றும் ஆகவில்லை. ஸ்பேஸ் தட்டினால் பக்கம் கீழே உருள்கிறது. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும்: என்டருக்கு விசையை அழுத்தியதும் க்ளிக், ஸ்பேஸுக்கு விசையை விடும்போது க்ளிக், நடுவில் பக்கம் உருளாமல் தடுக்க ஒரு வரி. இவ்வளவும் செய்த பிறகும், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாது, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் போகும். அதற்கு ரோல் பட்டன் என்று ஒரு ஆட்ரிபியூட். அப்புறம் டிஸேபிள் செய்ய வேண்டி வந்தால் அதையும் நீயேதான் எழுத வேண்டும்.

பட்டன் டேக் போட்டிருந்தால் இது அத்தனையும் பிரவுசரே இலவசமாகக் கொடுத்திருக்கும். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வானேன்? பிரவுசரின் பழைய சாம்பல் தோற்றம் பிடிக்கவில்லை என்றால் பேக்ரவுண்ட், பார்டர், பேடிங் மூன்றையும் உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள். தோற்றத்துக்காக டேக்கை மாற்றுவதுதான் வம்பு.

கேள்வி: மேடம், எங்கள் டிசைனருக்கு ஃபோகஸ் வரும்போது சுற்றிலும் தெரியும் அந்த நீலக் கோடு பிடிக்கவே இல்லை. கோடே வராமல் செய்யும் "அவுட்லைன்: நன்" வரியைப் போடச் சொல்கிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது?

மவுஸால் க்ளிக் செய்யும்போதும் அந்தக் கோடு வந்து நின்றதுதான் பல டிசைனர்களின் கோபத்துக்குக் காரணம். அது பழைய கதை. இப்போது சிஎஸ்எஸ்ஸில் ஃபோகஸ்-விசிபிள் இருக்கிறது. பட்டனை மவுஸால் தொட்டால் கோடு வராது, கீபோர்டில் வந்தால் மட்டும் வரும். 2022-இல் சஃபாரியும் சேர்ந்துகொண்டதால் தயங்க வேண்டியதில்லை.

கோட்டை எடுத்துவிட்டால் கீபோர்டில் வேலை செய்பவருக்குத் தான் எந்த பட்டனில் இருக்கிறோம் என்றே தெரியாது. "பணம் செலுத்து"வில் நிற்கிறாரா, "ரத்து செய்"யில் நிற்கிறாரா? எடுக்காதீர்கள், அழகாக்குங்கள். 3 பிக்ஸல் தடிமன், பிராண்டின் அடர் நிறம், பட்டனிலிருந்து 2 பிக்ஸல் தள்ளி அவுட்லைன்-ஆஃப்செட். அவருக்கே பிடித்துப்போகும்.

பாக்ஸ்-ஷாடோவை (பட்டனைச் சுற்றிய நிழல்) வைத்து மட்டும் ஃபோகஸ் காட்டாதீர்கள். விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் தீம் போட்டவர்களுக்கு நிழல்கள் எல்லாம் காணாமல் போய்விடும். ஷாடோதான் வேண்டும் என்று நின்றால், கூடவே டிரான்ஸ்பரென்ட், அதாவது நிறமே இல்லாத, ஒரு அவுட்லைனும் வைத்துவிடுங்கள். சாதாரணத் திரையில் அது தெரியாது, அந்தத் தீமில் தெரியும்.

கேள்வி: வாடிக்கையாளரின் பிராண்ட் நிறம் ஆரஞ்சு. அதன் மேல் வெள்ளை எழுத்துதான் வேண்டுமாம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சிஎஸ்எஸ்ஸில் ஆரஞ்ச் என்று பெயருள்ள நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், கிட்டத்தட்ட 2:1. வெப் அணுகல் விதிகளான டபிள்யூகாக் கேட்பது 4.5:1. எழுத்து 24 பிக்ஸலுக்கு மேலோ, போல்டாக ஏறத்தாழ 18.7 பிக்ஸலுக்கு மேலோ இருந்தால் 3:1 போதும். அதற்கும் இது எட்டாது. அதே ஆரஞ்சின் மேல் கறுப்பு எழுத்து வைத்தால் 10:1-ஐத் தாண்டிவிடும். இரண்டையும் ஃபோனில் போட்டு மத்தியான வெயிலில் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

சாம்பல் நிறப் பிரியர்களுக்கு ஒரு கணக்கு: வெள்ளைப் பின்னணியில் #767676 தேறிவிடும், #777777 மயிரிழையில் தோற்கும்.

கேள்வி: குப்பைத்தொட்டி ஐகான் மட்டும் உள்ள பட்டனுக்கு ஏரியா-லேபிளில் (ஸ்கிரீன் ரீடர் படிக்கும் பெயர்) "நீக்கு பட்டன்" என்று கொடுத்திருக்கிறேன். சரிதானே?

பாதி சரி. ஸ்கிரீன் ரீடர் தானாகவே பட்டன் என்று சொல்லும், அதனால் "நீக்கு பட்டன், பட்டன்" என்று கேட்கும். "நீக்கு" போதும். ஐகானின் எஸ்விஜி படத்துக்கு ஏரியா-ஹிட்டன் கொடுத்துவிடுங்கள், ஸ்கிரீன் ரீடர் அதைக் கண்டுகொள்ளாது. ஒரே பட்டியலில் இருபது "நீக்கு" இருந்தால் எது எதை நீக்கும் என்று கேட்பவருக்குப் புரியாது. "மார்ச் மாத பில்லை நீக்கு" என்று எழுதுங்கள்.

பட்டனில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் ஏரியா-லேபிளே வேண்டாம். திரையில் "அனுப்பு" என்றும் லேபிளில் "படிவத்தைச் சமர்ப்பி" என்றும் இருந்தால், குரலால் கணினியை இயக்குபவர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வார், பட்டன் அசையாது.

கேள்வி: பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

2023 அக்டோபரில் வந்த டபிள்யூகாக் 2.2, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையில் 24-க்கு 24 பிக்ஸல் கேட்கிறது. அதைவிடச் சிறிதாக இருந்தால் சுற்றிலும் போதிய இடைவெளி வேண்டும். ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது, கூகுளின் மெட்டீரியல் டிசைன் 48 டிபி (ஆண்ட்ராய்டின் அளவு) என்கிறது. 24 என்பது குறைந்தபட்ச அளவுதான். ஓடும் பஸ்ஸில் ஒற்றைக் கையால் ஃபோனைப் பிடித்திருப்பவரை நினைத்து நான் 44-க்குக் கீழே போவதில்லை.

கேள்வி: எல்லாக் கட்டங்களையும் நிரப்பும் வரை "சமர்ப்பி" பட்டனை டிஸேபிள் செய்து வைக்கிறோம். நல்ல பழக்கம்தானே?

எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒருவர் முழுப் படிவத்தையும் நிரப்பியிருப்பார், பின்கோடில் ஒரு இலக்கம் விட்டுப்போயிருக்கும். பட்டன் மங்கலாகவே கிடக்கும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டேப் அடித்து வருபவருக்கு இன்னும் மோசம். டிஸேபிள் ஆன பட்டனில் ஃபோகஸ் நிற்காததால், அப்படி ஒரு பட்டன் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். அழுத்த விடுங்கள். அழுத்தியதும் "பின்கோடில் 6 இலக்கம் வேண்டும்" என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்லி, ஃபோகஸையும் அங்கே கொண்டுபோங்கள்.

பணம் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாம் முறை அழுத்தாமல் தடுப்பது வேறு விஷயம். அங்கே, முடங்கியிருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் சொல்லும் ஏரியா-டிஸேபிள்ட் போடுங்கள், ஃபோகஸ் அங்கேயே இருக்கும். ஆனால் அது க்ளிக்கைத் தடுக்காது; தடுப்பதை ஜாவாஸ்கிரிப்டில் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: தமிழ்த் தளம் செய்கிறோம். ஆங்கிலத்தில் நன்றாக இருந்த பட்டன்கள் தமிழில் சிதைகின்றன. எழுத்து வெட்டுப்படுகிறது, ஃபாண்ட்டும் வேறு மாதிரி தெரிகிறது.

ஃபாண்ட் மாறுவதற்குக் காரணம் எளிது. பாடிக்கு நீங்கள் கொடுத்த ஃபாண்டைப் பட்டன் தானாக எடுத்துக்கொள்ளாது. பிரவுசரின் சொந்த ஃபாண்டில், 13 பிக்ஸல் சொச்சத்தில் நிற்கும். பட்டனுக்கு ஃபாண்ட் இன்ஹெரிட் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

வெட்டுப்படுவது, ஹைட்டையும் விட்த்தையும் பிக்ஸலில் கட்டிப்போட்டதால். "டவுன்லோட்" இருந்த இடத்தில் "பதிவிறக்கம் செய்" உட்கார வேண்டும். தமிழ் எழுத்து மேலே கொக்கி, கீழே சுழி என்று இரண்டு பக்கமும் இடம் கேட்கும். ஹைட்டுக்குப் பதில் மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்), பேடிங்கை எழுத்தின் அளவோடு வளரும் எம் அளவில், லைன்-ஹைட் 1.5 பக்கம். வரி மடிவதைத் தடுக்கும் நோராப் போடாதீர்கள், இரண்டு வரியாக மடிந்தால் மடியட்டும். எழுத்தை 200% பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும் இதே ஏற்பாடு உதவும்.

இன்னொன்றையும் பாருங்கள். டெம்ப்ளேட்டில் ஹெச்டிஎம்எல் டேக்கின் மொழி ஆங்கிலம் என்றே விட்டிருப்பீர்கள். அப்படியானால் ஸ்கிரீன் ரீடர் தமிழ்ப் பட்டனை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று உளறும், அல்லது வாயே திறக்காது. தமிழுக்கு உரிய இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள்.

கேள்வி: சென்னையில் சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறேன். இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா?

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் இருந்தால், அங்கே 28 ஜூன் 2025 முதல் ஐரோப்பிய அணுகல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மின்வணிகமும் வங்கிச் சேவையும் அதற்குள் வரும். மேனேஜரிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள், பட்ஜெட் சீக்கிரம் கிடைக்கும்.

கேள்வி: "மியூட்" அழுத்தினால் "அன்மியூட்" என்று எழுத்தை மாற்றுகிறேன், பட்டன் அழுத்திய நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஏரியா-ப்ரெஸ்டையும் ட்ரூ ஆக்குகிறேன். டெஸ்டர் குழப்பமாக இருக்கிறது என்கிறார்.

டெஸ்டர் சொல்வது சரி. "அன்மியூட், அழுத்தப்பட்டுள்ளது" என்று கேட்டால் ஒலி இருக்கிறதா இல்லையா? இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் எழுத்தை அப்படியே விட்டு ப்ரெஸ்டை மட்டும் மாற்றுவேன். மெனுவைத் திறக்கும் பட்டன் என்றால், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஏரியா-எக்ஸ்பாண்டட்.

கேள்வி: படிவத்துக்குள் "பாஸ்வேர்டைக் காட்டு" பட்டனை அழுத்தினால் படிவமே போய்விடுகிறது!

டைப் கொடுக்காத பட்டன் படிவத்துக்குள் சப்மிட் ஆகத்தான் வேலை செய்யும். டைப் பட்டன் என்று எழுதுங்கள், நின்றுவிடும்.